ரேகாவின் அளவு ஜாக்கெட்

விமான நிலைய வாசலில் நின்ற டாக்சிக்காரர் என்னையும் என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியைத் தூக்கி டிக்கியில் போட்டார். நான் பின் சீட்டில் ஏறியதும் திரும்பினார்.

"நடுவுல குந்திக்கம்மா. ஓரமா குந்துனா வண்டி ஒரு பக்கமா இஸ்துகினு போவும்."

பதினோரு வருஷம் கழித்து ஊருக்கு வந்தவளுக்குக் கிடைத்த முதல் வார்த்தை இதுதான். நடுவில் நகர்ந்து உட்கார்ந்தேன். திருப்போரூர் வரைக்கும் இரண்டு கையையும் முன்சீட்டில் ஊன்றிக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் போனபோது நெல் விளைந்த இடத்தில் இப்போது மனை எண் எழுதிய வெள்ளைக் கல் நட்டிருந்தது. ஊர் மாறிவிட்டது என்று கடிதம் எழுதியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வாய் மாறவில்லை என்று ஒருத்தரும் எழுதவில்லை.

சுனாமிக்கு முந்தின வருஷத்து வைகாசி அது. அண்ணன் மகள் சுமதிக்குக் கல்யாணம். அதற்காகத்தான் ஒரு மாத லீவில் வந்தேன்.

நான் இருப்பது மலேசியாவில், கிள்ளானில். உள்ளூரில் என்னைப் பெண் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. காரணம் என் உடம்பு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இருபத்தேழு வயதில், மனைவியை இழந்த ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிவைத்து கடல் தாண்டி அனுப்பினார்கள். அந்த மனுஷர் நான் சாப்பிடும் ரொட்டியை எண்ணாதவர். எனக்கு அது போதும்.

அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பருமனான பெண்களுக்கு மட்டும் துணி விற்கிற கடை. முதலாளி ஒரு சீன அம்மாள். அவரே என்னை விடப் பெரியவர். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கடைக்கு மேல் மாடியில் பதினைந்து இருபது பேர் கூடுவோம். மலாய்க்காரி, சீனத்தி, தமிழச்சி எல்லோரும் உண்டு. ஒருத்தி முன்னால் ஒருத்தி துணி போட்டுப் பார்ப்போம். அந்த மாதம் யார் யார் எங்களைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று சொல்லி முடித்துவிட்டுச் சாப்பிடுவோம். பத்தியம், எடை, மெலிவது, இந்த மூன்றையும் மாடியில் பேசக் கூடாது. இது சட்டம். முதலாளியம்மா அடிக்கடி ஒன்று சொல்வார்: துணி சேரவில்லை என்றால் தப்பு துணியுடையது, உடம்புடையது இல்லை.

முதல் தடவை அதைக் கேட்டபோது மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். முப்பது வயதுவரை எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

என் பெட்டி நிறைய அந்தக் கடைத் துணிதான். பூப்போட்ட குர்தா, கவுன், நைட்டி, கை வைத்த ஜாக்கெட். எல்லாம் சுமதிக்கு. அவள் எங்கள் அப்பாவின் உடம்பு, என் உடம்பு. ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்: "அத்த, இங்க ரெடிமேட் கடையில எனக்குச் சேர்றது ஆம்பள சட்ட மட்டும்தான்." அந்த வரியை மாடியில் படித்துக் காட்டினேன். ஆளுக்கு ஒன்றாகத் துணி எடுத்துக் கொடுத்தார்கள். அப்படித்தான் பெட்டி நிறைந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறந்தேன். சுமதி ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உடம்பு குறையவில்லை, முகம் மட்டும் வற்றியிருந்தது.

"இன்னாடி சாப்புடுற?" என்று கேட்டேன்.

"கொள்ளுத் தண்ணி" என்றாள். "காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். மத்தியானம் ரெண்டு வெள்ளரிக்கா."

"எத்தினி நாளா?"

"நிச்சயம் ஆனதுலேர்ந்து."

நிச்சயம் ஆகி இரண்டு மாதம். அண்ணி எனக்குச் சோறும் வஞ்சிரக் குழம்பும் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் வெள்ளரிக்காய் கடித்தாள். என்னால் இரண்டாவது தடவை சோறு கேட்க முடியவில்லை. கேட்காததற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து முகூர்த்தப் புடவை வந்தது. மாப்பிள்ளை கல்பாக்கத்தில் டெக்னீசியன். குவார்ட்டர்ஸில் அம்மாவோடு இருக்கிறார். அக்கா ஒருத்தி, கல்யாணமாகி அதே ஊரில். புடவையை எடுத்து வந்தது அந்த அக்காதான். அரக்குப் பட்டு, கையகல ஜரிகை. புடவையோடு வந்த துணியிலேயே ஜாக்கெட்டும் தைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. முகூர்த்தப் புடவையும் ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. பெண் வீட்டிலிருந்து ஒரு அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்பினால் அதைப் பார்த்துத் தைத்துவிடுவார்கள். பெண்ணை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அக்கா காபி குடித்துவிட்டுப் போனதும் நான் ஜாக்கெட்டை விரித்தேன். அதைப் பார்க்கவே போதும். எட்டு வருஷம் துணியில் புழங்கியவள் என்று சொல்ல வேண்டியதில்லை, கண் இருக்கிற யாருக்கும் தெரியும். சுமதியின் ஒரு தொடைக்குத்தான் அது வரும்.

"இது யார் அளவு?"

அண்ணி தட்டில் இருந்த வெற்றிலையை அடுக்கினார். பதில் சொன்னது சின்னவள் ரேகா. பிளஸ் டூ முடித்தவள், குச்சி மாதிரி இருப்பாள்.

"என் பச்ச ஜாக்கெட்ட தூக்கிக் குடுத்துட்டாங்க அத்த. நான் தாவணிக்கு இன்னாத்த போடுறதாம்?"

"வாய மூடுடி" என்றார் அண்ணி.

பிறகு என்னிடம் திரும்பினார். "இன்னா பண்ணச் சொல்ற வசந்தா? இவ ஜாக்கெட்டக் குடுத்தா அத அந்தம்மா விரிச்சுப் பாக்கும். டெய்லர் பாப்பான். அக்கம்பக்கத்துல நாலு பேரு பாப்பாங்க. பொண்ணு பாக்க வந்தப்போ இவ குந்திகினுதான் இருந்தா. சால்வ போத்தி வுட்டிருந்தேன். அப்டியே ஒத்துகினாங்க. அத நான் கெடுக்கணுமா?"

"கல்யாணத்துல பாக்க மாட்டாங்களா?"

"ரெண்டு மாசம் கீதே, எளச்சிடுவான்னு நெனச்சேன்."

இந்தத் தப்பை வேறு எந்த ஊரிலும் செய்ய மாட்டார்கள். பெண்ணை மறைக்க ஜாக்கெட்டை மாற்றிக் கொடுத்து, பிறகு ஜாக்கெட்டுக்குத் தகுந்தபடி பெண்ணைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சுமதிக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தோம். கை முழங்கைக்கு மேல் ஏறவே பத்து நிமிஷம். முன்னால் ஆறு கொக்கி. ஒன்றுகூடச் சேரவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

"இன்னம் ஒம்பது நாள் தண்ணி மட்டும் குடிச்சா?" என்று கேட்டாள் சுமதி.

துணி சேரவில்லை என்றால் தப்பு துணியுடையது என்று சொன்னேன். என் முதலாளியம்மா சொன்ன மாதிரியே நிமிர்ந்து நின்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் புறப்பட்டேன். அங்கே பெரிய கடைத்தெருவில் பட்டு ஜாக்கெட் பிரித்துத் தைக்கிற டெய்லர் இருப்பதாக அண்ணன் சொன்னார். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்தோம். சீட்டு நிறைந்துவிட்டது. நின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் எங்களைப் பார்த்து, "கண்டக்டரே, இங்க மூணு டிக்கெட் கிழிச்சியா?" என்று கேட்டார். கண்டக்டர் கேட்காத மாதிரி போனார். அந்த மனுஷருக்கு நன்றி.

பாதி வழியில், இரண்டு பக்கமும் காப்புக்காடு இருக்கிற இடத்தில், பஸ் நின்றுவிட்டது. ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார்கள். நானும் சுமதியும் இறங்கினோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தம்மா எறங்கிட்டாங்களா? இனிமே தள்ள வாணாம்பா. தானா போவும்."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் சிரித்தார். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் திரும்பி ஆளைத் தேடினேன். வேட்டியை மடித்துக் கட்டிய, தொப்பை இடுப்புக்கு வெளியே தொங்குகிற ஒரு ஆள்.

"உன் வயித்த வூட்டுல வுட்டுட்டு வந்திருந்தா பஸ் நின்னே இருக்காது" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவனுக்கு அது வெட்கமே இல்லை. ஆம்பளைக்கு வயிறு வசதியின் அடையாளம். எனக்குக் கோபம் வந்தது அவன் மேல் இல்லை. பக்கத்தில் பார்த்தேன். சுமதியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அடிக்கு முன்னால் கையைத் தூக்கித் தலையை மூடுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் முப்பது வயதுவரை சிரித்திருக்கிறேன்.

செங்கல்பட்டில் இறங்கியதும் எனக்குப் பசி. ஒரு ஓட்டலில் பொங்கல், வடை வாங்கினேன். கிள்ளானில் காலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் சாப்பிட்டுப் பழகிய நாக்கு. ஆனாலும் நெய் ஊற்றிய பொங்கலுக்கு ஈடு இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். சுமதி மோர் மட்டும் கேட்டாள். பரிமாறுகிறவர் மோரை அவள் முன்னால் வைத்துவிட்டு, என்னைக் கேட்காமலே இன்னொரு வடையைக் கொண்டுவந்து என் இலையில் போட்டார். நான் கேட்கவில்லை என்றேன். "பத்தாதுன்னு நெனச்சேன்மா" என்றார். அவர் கேலி செய்யவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த வடையையும் சாப்பிட்டேன்.

டெய்லர் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினார். தையல் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"உள்ள துணியே வுடலம்மா. முழுசாப் பிரிச்சா ஒரு இஞ்சு கெடைக்கும். நீ கேக்கறது நாலு இஞ்சு."

"பக்கவாட்டுல ஒட்டுத் துணி வெச்சுத் தையேன். புடவ மறச்சுக்கும்."

"முகூர்த்த ஜாக்கெட்ல ஒட்டுப் போட்டா நாள பின்ன எதுனா ஆச்சுன்னா என்னைத்தான் சொல்வாங்க." சுமதியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நாலு நாளு நடக்க வுடும்மா பொண்ண. ஜாக்கெட்ட வுட அது ஈஸி."

"உன் வேல துணியப் பிரிக்கிறது. பொண்ணப் பிரிக்கிறது இல்ல" என்று சொல்லி ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

சுமதி தெருமுனையில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, "எதுக்கு அத்த அவங்ககிட்டல்லாம் சண்ட போடுற? நீ போயிடுவ. நான்தான இங்க கீறேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் மாமல்லபுரம். அண்ணனின் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, அங்கே வெள்ளைக்காரிகளுக்குத் துணி தைக்கிற மும்தாஜ் என்ற பெண் இருக்கிறார் என்று. திருப்போரூரிலிருந்து ஷேர் ஆட்டோ. டிரைவர் எங்களை ஏற்றிக்கொண்டு, "ரெண்டு பேருக்கு மூணு சீட்டு காசு குடுத்துடுக்கா, பேஜாரு பண்ணாத" என்றான். கொடுத்தேன். வாதாடுகிற தெம்பு செங்கல்பட்டிலேயே போய்விட்டது.

கடற்கரைக்குப் போகிற தெருவில் இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறை. உளிச் சத்தம் காதைத் துளைத்தது. வாசலில் ஆள் உயரத்துக்குக் கல் பெண்கள். இடுப்பு ஒரு சாண். மார்பு இரண்டு குடம். ஒருத்திக்கும் வயிறு கிடையாது. கல்லுக்குப் பஞ்சமா? கூடக் கொஞ்சம் விட்டுவைத்தால் என்ன? சுமதி ஒரு சிலை முன்னால் நின்று பார்த்தாள். செதுக்கிக்கொண்டிருந்தவர் தூசி படிந்த கண்ணோடு நிமிர்ந்து, "வாங்குறியாம்மா, பெங்களூர் ஓட்டலுக்குப் போவுது, இதே மாதிரி இன்னொண்ணு கீது" என்றார்.

மும்தாஜ் கடை ஒரு ஓட்டு வீட்டின் முன் அறை. தையல் மிஷின் இரண்டு. கம்பியில் தொங்கியதெல்லாம் பாய்மரம் மாதிரி பெரிய சட்டைகள், பாவாடைகள். அதைப் பார்த்ததுமே எனக்கு எங்கள் மாடி நினைவு வந்தது. மும்தாஜுக்கு என் வயதிருக்கும். நான் அளவு ஜாக்கெட்டாக சுமதியின் பழைய ஜாக்கெட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆளே வந்துகீதே, அளவு ஜாக்கெட் இன்னாத்துக்கு?"

டேப்பை எடுத்து சுமதியைச் சுற்றினார். சுமதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவளை இதுவரை யாரும் அளந்ததில்லை. மும்தாஜ் நம்பரைச் சத்தமாகச் சொல்லி, தானே நோட்டில் எழுதினார். காய்கறி எடை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"மூச்ச இழுக்காத பாப்பா. மூச்ச வுட்டுகினுதான கல்யாணத்துல குந்தப் போற?"

சுமதி மூச்சை விட்டாள். வயிறு தன் இடத்துக்கு வந்தது. மும்தாஜ் அதன்மேல் டேப்பை வைத்து எழுதிக்கொண்டார். அரக்குப் பட்டில் சரியாகப் பொருந்துகிற துணி தன்னிடம் இருப்பதாகவும், ஜரிகை மட்டும் வேறாக இருக்கும் என்றும், புடவைத் தலைப்பு அதை மறைத்துவிடும் என்றும் சொன்னார். மூன்று நாளில் தருவதாகச் சொன்னார்.

அங்கேயே மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் துணிக்குக் காத்திருந்தார்கள். மூன்று பேரும் நல்ல பருமன். கையில்லாத சட்டை, தொடை தெரிகிற கால்சட்டை. பேச்சுக் கொடுத்தேன். கடையில் கற்ற ஆங்கிலம் எனக்குப் போதும். அவர்களுக்கும் ஊரில் ஒரு சங்கம் உண்டாம். தனியாகப் போனால் விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒரே வரிசையில் மூன்று பேரும் சேர்ந்து பயணம் போவார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் வறுத்த மீன் சாப்பிட எங்களையும் கூப்பிட்டார்கள். போனோம்.

பாறை மீனும் எலுமிச்சையும் வந்தன. அவர்களில் மூத்தவள், ஐம்பது வயதிருக்கும், விரலை நக்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு அப்படியே எழுந்து கடலில் இறங்கி நனைந்துவிட்டு வந்தாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார், பார் என்று நான் சுமதியின் தொடையைக் கிள்ளினேன். ஒன்பதாயிரம் கடிதம் எழுதியும் அவளுக்கு இதைக் காட்ட என்னால் முடியவில்லை என்று நினைத்தேன்.

சுமதி அன்றைக்கு மீன் ஒரு துண்டு சாப்பிட்டாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. பிறகு என்னிடம் சொன்னாள்: "அத்த, அவங்களுக்கு அம்மா இல்லியான்னு கேளு."

"இன்னாடி கேள்வி?"

"கேளு."

கேட்டேன். மூத்தவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மா இருக்கிறாள் என்றும், இந்தச் சங்கத்தில் சேர்ந்து பத்திரிகையில் போட்டோ வந்ததிலிருந்து அம்மா பேசுவதில்லை என்றும், அது ஏழு வருஷம் ஆகிறது என்றும் சொன்னாள். முதல் வருஷம்தான் கஷ்டம் என்றாள். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். மாற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி கிடையாது.

சுமதி தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"ஏழு வருசம்."

மும்தாஜ் சொன்ன நாளில் ஜாக்கெட் கொடுத்தார். சுமதி போட்டுப் பார்த்தாள். ஆறு கொக்கியும் தானாக மாட்டிக்கொண்டன. கையைத் தூக்கினாள், இறக்கினாள், ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாள். ரேகா வாசலில் நின்று, "சூப்பரா கீற, மாப்ள மயங்கிடுவாரு" என்றாள். அண்ணியின் திட்டம் எளிமையானது. மாப்பிள்ளை வீட்டு ஜாக்கெட்டில் குங்குமம் கொட்டிவிட்டது, கறை போகவில்லை, அவசரத்துக்கு வேறு தைத்தோம் என்று சொல்லிவிடுவது. அந்தச் சின்ன ஜாக்கெட்டைப் பீரோவுக்கு அடியில் போட்டு மறந்துவிடுவது. பொய்தான். இன்று யோசித்தால் அது நல்ல பொய்.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில் பெண் அறையில் மாப்பிள்ளையின் அக்காதான் புடவை கட்ட வந்தாள். கொசுவம் மடிக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது நாங்க தைச்ச ஜாக்கெட் இல்லியே?"

அண்ணி ஆரம்பித்தார். "அது இன்னாச்சுன்னா, குங்குமச் சிமிழு தவறி..."

நான் குறுக்கே புகுந்தேன். ஏன் புகுந்தேன்? பத்து நாளாகப் பார்த்தது எல்லாம் சேர்ந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் இனி ஒளிய வேண்டியதில்லை என்று நினைத்தேன். எங்கள் மாடியில் அப்படித்தான் நடக்கும். ஒருத்தி எழுந்து உண்மையைச் சொல்வாள், எல்லோரும் கை தட்டுவோம்.

"குங்குமம் ஒண்ணும் கொட்டல. நீங்க தைச்சது சின்னவ ரேகா அளவு. இவ அளவு இதுதான். இவ இப்படித்தான் இருப்பா" என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. அக்கா போய் மாப்பிள்ளையின் அம்மாவைக் கூட்டிவந்தாள். அந்தம்மா சத்தம் போடவில்லை. சுமதியின் தாடையைப் பிடித்துச் சிரித்தார்.

"அதனால என்ன? ஒரு ஜாக்கெட்டுக்கா மூஞ்சியத் தூக்கி வைப்பாங்க? அந்தச் சின்னதையும் பெட்டியில வச்சு அனுப்புங்க சம்மந்தி. நல்ல பட்டு. எங்க வூட்டுக்கு வந்து நடந்து கிடந்தா அந்த அளவுக்குத் தானா வந்துடுவா."

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று அண்ணி கண்ணைத் துடைத்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பாயசம் நன்றாக இருந்தது. சின்ன ஜாக்கெட்டை மடித்து சுமதியின் பெட்டியில் மேலாக வைத்தது நான்தான்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கல்பாக்கத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கடற்கரைச் சாலை பஸ். பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை, அதனால் சௌகரியமாகப் போனேன். குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக, சுத்தமாக இருந்தது. சைக்கிளில் ஆட்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன். எழுந்து நின்று, "வாங்க சித்தி" என்று வரவேற்றார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார்கள். உறையில் பழக்கமான பூ. பார்த்தேன். நான் கொண்டுவந்த குர்தாவின் துணி.

"நல்ல துணிங்க, வீணாப் போக வேணாம்னு ஒரு குர்தால நாலு உறை தைச்சுட்டேன்" என்றார் அந்தம்மா. "அவளுக்கு இனிமே அது தொளதொளன்னுதான இருக்கும்?"

எனக்குக் கோழிக்குழம்பு, வறுவல், முட்டை எல்லாம் வைத்தார். மறுக்க மறுக்க வைத்தார். பரிமாறியது சுமதி. தோள் எலும்பு தெரிந்தது. பதினேழு நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நீ எப்போது சாப்பிடுவாய் என்று கேட்டேன். எனக்கு அப்பவே ஆச்சு அத்த என்றாள். அடுப்படியில் ஒரு டம்ளரில் கொள்ளுத் தண்ணீர் மூடி வைத்திருந்ததை வரும்போதே பார்த்துவிட்டேன்.

கை கழுவியதும் என்னை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த ஜாக்கெட் தொங்கியது. ரேகாவின் அளவு.

"அத்தைதான் மாட்டி வெச்சாங்க" என்றாள். மாமியாரைச் சொல்கிறாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போட்டுப் பாக்கச் சொல்வாங்க. திட்றதெல்லாம் இல்ல. மொத வாரம் ஒண்ணுமே சேரல. போன வாரம் ரெண்டு. இப்ப மூணு வருது பாரு."

புடவைத் தலைப்பை இறக்கி அதை மாட்டிக்கொண்டாள். கை ஏறியது. கீழேயிருந்து மூன்று கொக்கி மாட்டினாள். முகம் சிவந்துவிட்டது. எங்கள் வீட்டில் பெட்டியைத் திறந்து பூப்போட்ட துணியை மேலே வைத்துப் பார்த்தபோதுகூட அவள் முகத்தில் இப்படிச் சந்தோஷம் இல்லை.

சொல்ல என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. தப்பு துணியுடையது. அதை ஒரு தடவை மண்டபத்தில் சொன்னேன். அதன் பலன்தான் இந்த ஆணியில் தொங்குகிறது. இன்னொரு தடவை சொன்னால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நான் நாளை மறுநாள் விமானத்தில் இருப்பேன்.

"நாலாவது கொஞ்சூண்டுதான் அத்த. நீ ரெண்டு பக்கமும் சேத்துப் புடி, நான் மாட்டிக்கிறேன்."

மூச்சை உள்ளே இழுத்தாள். மும்தாஜ் விடச் சொன்ன மூச்சு.

நான் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தேன். கொக்கி மாட்டிக்கொண்டது.